கட்டிக்குக் 'கரண்ட்' வைக்கலாமா?



போன கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "தோள்பட்டை வலிக்குப் பத்து நாளா கரண்ட் வச்சுக்கிறேன் சார். அக்குள்ல ஒரு கட்டி இருக்கு, வலியே இல்லை. அதுமேலயும் அந்த மெஷினைத் தேய்க்கச் சொன்னா கரைஞ்சிடுமா?"

கரையாது. தேய்க்கவும் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

பிசியோதெரபி அறையில் ஜெல் தடவித் தேய்க்கிறார்களே, அந்த அல்ட்ராசவுண்ட் மின்சாரம் அல்ல, ஒலி. விநாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் நம் காதுக்குக் கேட்காது; அந்தக் கருவி தருவது 10 லட்சம் அல்லது 30 லட்சம். உள்ளே போய் இளஞ்சூடு உண்டாக்கும், ரத்த ஓட்டம் கூடும். நம் பாட்டிமார் தவிட்டு ஒத்தடம் கொடுத்ததும் இதற்குத்தான். இது சற்று ஆழமாகப் போகும்.

அடிபட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அது உடம்பு வேலை செய்வதன் அடையாளம். வெள்ளை அணுக்கள் அங்கே கூடி, கிருமியையும் செத்த திசுவையும் அகற்றுகின்றன. அதனால்தான் புது வீக்கத்துக்கும் சீழ் பிடித்த இடத்துக்கும் சூட்டுச் சிகிச்சை கூடாது என்பது, வீக்கம் கூடிவிடும்.

புற்றுக்கட்டி என்றால் இன்னும் ஆபத்து. கூடிய ரத்த ஓட்டம் கட்டிக்கே தீனியாகலாம். 1995இல் வெளியான ஓர் ஆய்வில், இச்சிகிச்சை பெற்ற சுண்டெலிகளின் கட்டிகள் மற்றவற்றைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தன.

"ஒலியாலயே கட்டியை அழிக்கிறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே?" என்பீர்கள். உண்மைதான், ஆனால் அது வேறு கருவி. பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவதுபோல, ஒலியை ஒரு புள்ளியில் குவித்து, ஸ்கேனில் பார்த்தபடியே 60 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு அமெரிக்காவில் இதை 2004இல் அனுமதித்தார்கள். கல்லீரல் கட்டியைச் சூடில்லாமல் நுண்குமிழிகளால் நொறுக்கும் முறைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. நொறுங்கிய துணுக்குகளை அடையாளம் கண்டு, வெள்ளை அணுக்கள் மற்ற இடத்துக் கட்டியையும் தாக்கப் பழகுமா என்று ஆராய்கிறார்கள். விலங்குகளில் அதற்கு அறிகுறி தெரிந்திருக்கிறது. மனிதருக்கு அதை நம்பி உட்காரும் நிலை வரவில்லை.

ஆகவே கரண்ட் வைக்கப் போனால், கர்ப்பமாக இருந்தாலும், உடம்பில் கட்டி இருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும், நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.

அந்த அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன். "வலிச்சாப் போறேன் சார்" என்றார். "வலிக்காத கட்டிதாம்மா எனக்குக் கவலை, நாளைக்கே போங்க" என்றேன். போனார். மார்பையும் சோதித்துப் பார்த்து, ஊசிப் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். வியாழக்கிழமை முடிவு வரும். நானும் கூடப் போகிறேன்.