மறுபடியும் சைக்கிளில்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாற்பது வயதுக்குப் பின் பெண்களின் ஆரோக்கியம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டிருந்தார்கள். நீரிழிவு, பிறஷர், கொலஸ்திரோல் என்று திரையில் படம் போட்டு அரை மணித்தியாலம் பேசுவது சுலபம். கிளினிக்கில் தினமும் அதைத்தான் சொல்கிறோம். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆகவே இன்று சைக்கிளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். இங்கே நின்று வாசிப்பது ஒருத்திதான், ஆனால் சைக்கிள் ஓடுவது நால்வர். நால்வரும் தொண்ணூறுகளில் இந்தப் பாடசாலையில் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி வங்கியில், ஒருத்தி பிரதேச செயலகத்தில், இன்னொருத்தி வைத்தியர். அதனால் இந்த உரையில் "நான்" வராது.

அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பில் சைக்கிள் ஓடத் தெரியாதவர் இருந்ததாக நினைவில்லை. பாடசாலைக்கும் சைக்கிள், ரியூசனுக்கும் சைக்கிள், கோயிலுக்கும் சைக்கிள். வெள்ளைச் சட்டையில் செயின் கறுப்புப் பட்டால் அம்மாவிடம் ஏச்சு. பின்சில்லில் சட்டை சிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் வலை கட்டியிருப்போம். கல்லடியிலிருந்து வந்தவர்களுக்குப் பழைய இரும்புப் பாலம் ஒரு தனிப் பரீட்சை. ஒடுக்கமான பாலம். பின்னால் லொறி வந்தால் ஒதுங்க இடமில்லை, மிதித்து அக்கரை சேரவேண்டியதுதான். சோதனைச் சாவடிகளில் இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறுவோம். ரசாயனவியல் பாடம் ஆறு மணிக்குத் தொடங்குமென்றால் ஐந்தேகாலுக்கே வெளிக்கிடுவோம், சாவடியில் எவ்வளவு நேரம் போகுமென்று தெரியாதே. உயர்தரத்தில் நாங்கள் நன்றாகச் செய்ததற்கு ஆசிரியைகளுக்கு நன்றி சொல்லியிருக்கிறோம். சைக்கிளுக்குச் சொன்னதில்லை.

பிறகு விட்டுவிட்டோம். எப்போது விட்டோம் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் திகதி தெரியவில்லை. பல்கலைக்கழகம் போனது, வேலை கிடைத்தது, கலியாணம் நடந்தது, ஸ்கூட்டி வந்தது. சைக்கிள் சுவரோடு சாய்ந்தது, அதன்மேல் கிடுகு வந்தது. "இனி ஓடாதே" என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தடுத்திருந்தால் சண்டை பிடித்திருப்போம். தடுக்காததால் கவனிக்கவே இல்லை.

புத்தாண்டு விளையாட்டு விழாவை நினைத்துப் பாருங்கள். பொடியன்மாருக்கு ஊரைச் சுற்றி சைக்கிள் ஓட்டம். பெண்பிள்ளைகளுக்கு மெதுவான சைக்கிள் ஓட்டம், கடைசியாக வருபவருக்குப் பரிசு. எங்கள் நால்வரில் இருவர் அதில் கிண்ணம் வாங்கியவர்கள். கால் ஊன்றாமல் ஊர்ந்து போவது பெரிய திறமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் மெதுவாகப் போனதற்காகக் கைதட்டு வாங்கிப் பழகிய கால்கள் இவை. உலகமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு வீதிச் சைக்கிளோட்டம் 1896இலேயே நடந்தது, பெண்களுக்கு அது 1984இல்தான் வந்தது. எங்கள் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. 1890களில் இங்கிலாந்து வைத்தியர்கள் சிலர், சைக்கிள் ஓடும் பெண்களுக்கு "சைக்கிள் முகம்" என்றொரு வியாதி வரும், கண் பிதுங்கும், தாடை இறுகும் என்று எழுதி வைத்தார்கள். அந்த வியாதிக்காரர் ஒருவரும் இதுவரை எங்கள் வாட்டுக்கு வரவில்லை.

2022 ஆனி மாதக் கடைசியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமென்று அறிவித்தார்கள். வைத்தியசாலைக்காரருக்கு ஒதுக்கீடு உண்டு, ஆனால் அதற்கும் வரிசை. இரவு வேலை முடித்துவிட்டு வரிசையில் நின்று பார்த்தோம். மூன்றாம் நாள், மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாட்டுக்குப் போனோம். இருபத்துச் சொச்ச வருடத்துக்குப் பிறகு. சேலையை ஏற்றிச் செருகி, ஒரு கையில் பை. சந்தியில் மீன் விற்கும் ஆச்சி, "என்னகா டொக்டர் புள்ள, உங்களுக்குமா பெற்றோல் இல்ல?" என்று கேட்டுச் சிரித்தார். உடம்பு சைக்கிளை மறக்கவில்லை, மூச்சுத்தான் மறந்திருந்தது. பாலத்தின் ஏற்றத்தில் இறங்கி உருட்டினோம். மற்ற மூவரும் அதே கிழமையில் அதே பாலத்தில் அதே மாதிரி இறங்கியதைப் பிறகுதான் பேசித் தெரிந்துகொண்டோம்.

ஆடியில் கியூஆர் அட்டை வந்தது, பெற்றோலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஊர் ஸ்கூட்டிக்குத் திரும்பியது. எங்களுக்குத் திரும்ப மனம் வரவில்லை. அதே ஆடி 24ஆம் திகதி பெண்களுக்கான தூர் த பிரான்ஸ் புதிய வடிவில் பரிசில் தொடங்கியது. கரண்ட் இருந்த நேரங்களில் கைத்தொலைபேசியில் பார்த்தோம். வென்ற ஒல்லாந்துப் பெண் அன்னமிக் வான் வுலூட்டனுக்கு அப்போது வயது 39. எங்கள் வயதுக்காரி என்று எங்களில் ஒருத்தி சத்தம் போட்டாள். இரண்டு மூன்று வயதைக் கழித்துக்கொண்டாள், பரவாயில்லை.

பாவித்த ஜப்பான் சைக்கிள்கள் நான்கு தேடிப் பிடித்தோம். ஒடுக்கமான ரயர், கீழ்நோக்கி வளைந்த ஹாண்டில், கியர். முதல் ஒரு மாதம் முழங்கால் நோவு. எங்களில் மூவர் சீற்றை மிகவும் பதித்து வைத்திருந்தோம், சிறுவயதில் அப்படித்தான் பழகினோம், இரண்டு காலும் நிலத்தில் பட்டால்தான் நிம்மதி. பெடல் ஆகக் கீழே இருக்கும்போது அதன்மேல் குதியை வைத்துப் பாருங்கள், கால் நேராக நீளவேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் சிறு மடிப்பு மிஞ்சும். அவ்வளவுதான் கணக்கு. சைக்கிள் ஓடினால் முழங்கால் நோகிறது என்று கிளினிக்கில் யாராவது சொன்னால் இப்போது முதலில் சீற்றைத்தான் விசாரிக்கிறோம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றைச் சொல்லவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தோழிகள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஐந்தேகாலுக்குக் கல்லடிப் பாலம். 2013இல் திறந்த புதிய பாலத்தில் போகிறோம், பக்கத்தில் பழையது நிற்கிறது. நாவற்குடா, மஞ்சந்தொடுவாய். காத்தான்குடியில் நடுவீதியில் பேரீச்ச மரங்கள், சுபஹு தொழுதுவிட்டு வருபவர்கள் வழிவிடுவார்கள். ஆரையம்பதி தாண்டி, மண்முனையில் வலப்பக்கம் கிறுகினால் வாவி. முன்பு இந்த இடத்தில் பாதைதான். சைக்கிள், மாடு, நெல்மூட்டை எல்லாம் அதில் ஏறித்தான் அக்கரை சேரும். 2014 சித்திரையில் 210 மீற்றர் நீளத்தில் பாலம் வந்தது. நாங்கள் படித்த காலத்தில் அந்தக் கரை வேறொரு நாடு மாதிரி. கட்டுப்பாடற்ற பகுதி என்று சொல்வார்கள். படுவான்கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். விடுமுறைக்கு அவர்கள் வீடு போய்த் திரும்பி வரும்வரை மிஸ்மார் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய ஊர்களை எழுவான்கரைக்காரரான நாங்கள் முதன்முதலாகப் பார்த்தது சைக்கிளில் போய்த்தான், நாற்பது வயதுக்குப் பிறகு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெளிச்சம் வராமல் படுவான்கரைக்குள் போவதில்லை, யானைப் பயம். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர் வாசலில் ஒரு நிமிடம் நின்று, மகிழடித்தீவு வழியாக வயல்களுக்கிடையே வவுணதீவு, வலையிறவுப் பாலம், நகரம். அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். அதன்மேல் சில்லு ஏறக்கூடாது என்பது எங்கள் சட்டம். மாரியில் வெள்ளம் வீதியை மேவினால் அந்தப் பக்கம் போவதில்லை. மீன் பாடுவது கேட்குமா என்று கனடாவிலிருந்து ஒரு தோழி அடிக்கடி கேட்கிறாள். சைக்கிளில் போகும்போது கேட்பது எங்கள் மூச்சு மட்டுந்தான்.

எங்கள் ஊரில் மலை இல்லை. ஏற்றம் என்றால் பாலந்தான். எங்களுக்கு மலை கச்சான் காற்று. வைகாசியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து அது வயல்வெளியைக் கடந்து வரும்போது மண்முனைப் பாலத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். காற்றின் தடையை மட்டும் எடுத்தால், வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஆனால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் பின்னால் வருபவருக்குக் கால்பங்குக்கு மேல் மிச்சம். முன்னால் போவதை முறைவைத்து மாற்றிக்கொள்கிறோம். இரவு வேலை செய்துவிட்டு வருபவருக்கு முன்வரிசை இல்லை. இதை எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை, காற்று படிப்பித்தது.

இனி, சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும் விடயம். கடந்த வருடம் எங்களில் ஒருத்தி பிரதான வீதியில் விழுந்தாள். பஸ் ஒன்று மிக நெருக்கமாக முந்தியது. அவள் ஒதுங்க, ஓரத்து மணலில் முன்சில்லு சறுக்கிக் காறையெலும்பு உடைந்தது. தலைக்கவசம் வெடித்திருந்தது. அந்தக் கவசம் இல்லாவிட்டால் என்னவென்று வைத்தியர் வாயால் சொல்ல வேண்டியதில்லை. வீதி விபத்தில் வருபவர்களை வாட்டில் பார்க்கிறவர்கள் நாங்கள். நோயாளிகளுக்கு சைக்கிள் ஓடச் சொல்வது சரியா என்று அந்த இரவில் கட்டிலருகில் இருந்து யோசித்தோம். அவளுடைய மாமி, "இந்த வயசில உங்களுக்கு இது தேவையாகா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். வழியனுப்ப வாசலுக்கு வந்தவர் அதே மாமி.

இப்போது ஆறேகாலுக்குப் பிறகு பிரதான வீதியில் இருப்பதில்லை. பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியும். ஒற்றை வரிசை. மணல் ஓரத்துக்கு ஒதுங்காமல் தார் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே போகிறோம், பின்னால் வருபவர் எங்களைப் பார்த்து முந்தவேண்டும் என்பதற்காக. இவ்வளவும் செய்தாலும் ஆபத்து இல்லையென்று சொல்லமாட்டோம்.

ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்கவேண்டும். கிளினிக்கில் எங்கள் வயதுப் பெண்கள் வந்து இருக்கிறார்கள். ஏழு வருடம் தினமும் பாடசாலைக்கு சைக்கிளில் வந்த அதே பெண்கள். இப்போது மருந்துப் பையோடு, மாடிப்படி ஏற மூச்சு வாங்கிக்கொண்டு. வயது வந்தவர்களுக்குக் கிழமையில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. பாடசாலைக் காலத்தில் புதன்கிழமைக்கு முன்பே அதை முடித்திருப்போம். இன்று ஒரு கிழமையில் முப்பது நிமிடம் கேட்டால் நேரமில்லை என்கிறார்கள், பொய்யில்லை, உண்மையில் இல்லை. அதனால்தான் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்வதை விட்டுவிட்டு, வேலைக்குப் போகிற வழியையே கேட்கிறோம்.

வைத்தியராக இரண்டு எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலினோ, கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் உங்கள் வைத்தியரிடம் கேட்காமல் நீண்ட தூரம் போகாதீர்கள், சட்டைப்பையில் இனிப்பு இருக்கட்டும். அடுத்தது, சைக்கிள் இதயத்துக்கு நல்லது, எலும்புக்குப் போதாது. உடம்பின் பாரத்தை சீற் தாங்கிவிடுவதால் எலும்புக்கு வேலை குறைவு. மாதவிடாய் நிற்கும் வயதில் நடக்கவும் வேண்டும், பாரம் தூக்கவும் வேண்டும். சைக்கிள் பைத்தியம் பிடித்த எங்களுக்கே இதைச் சொல்ல விருப்பமில்லை, என்றாலும் உண்மை அதுதான்.

1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்லுடைப்பவர்கள், கூலிப்பெண்கள், ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் ஒவ்வொரு மிதியையும் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. எங்களுக்குக் கிடுகை எடுத்துவிட்டுக் காத்தடித்தால் போதும்.

நாளை ஞாயிறு. கல்லடிப் பாலத்தடியில், நகரப் பக்கம், ஐந்தேகாலுக்கு நிற்போம். மண்முனைப் பாலம் வரை போய் அதே வழியால் திரும்புகிற சிறிய ஓட்டம், சேலை தவிர எந்த உடுப்போடும் வரலாம். தலைக்கவசம் நான்கு மேலதிகமாக இருக்கிறது, பம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இரண்டு சைக்கிள் இரவல் வாங்கி வைத்திருக்கிறோம். தேநீர் நேரத்தில் உங்கள் உயரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், இன்றிரவே சீற்றைச் சரிசெய்து வைக்கவேண்டும்.