காலி ஆசனத்தின் விலை



வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடி என் ஊர். சிறுவனாக இருந்தபோது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் சூளையைக் காணச் சென்றேன். “நிறைய அடுக்கினாலும் பாதி அடுக்கினாலும் சூளைக்கு நெருப்புச் செலவு ஏறத்தாழ ஒன்றுதான், தம்பி. ஆகையால் நிறைந்த பிறகே தீ மூட்டுவோம்” என்றார் அங்கிருந்த தொழிலாளி. விமானக் கம்பெனிகள் ஏன் நொடித்துப் போகின்றன என்று எண்ணும்போதெல்லாம் அவர் சொல்லே என் நினைவுக்கு வருகிறது.

விமானமும் ஒரு சூளைதான். எழுபது பேர் அமரும் விமானத்தில் முப்பத்தைந்து பேர் சென்றாலும் எரிபொருள், விமானியின் ஊதியம், விமானத்தின் வாடகை ஆகியவை பெரிதும் குறைவதில்லை. ஆனால், நிறையும்வரை காத்திருக்கும் வசதி சூளைக்கு உண்டு; விமானத்திற்கு இல்லை. விற்காத நெல்லைக் குதிரில் சேர்த்து வைக்கலாம். விற்காத ஆசனமோ விமானம் எழும்பிய கணமே பாழ்.

எனவே, ஆசனத்தை நிரப்ப ஒரு கம்பெனி கட்டணத்தைக் குறைக்கிறது, மற்றதும் குறைக்கிறது. செலவு அவ்வாறு குறைவதில்லை. எரிபொருள் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குகிறது. விமான வாடகையைப் பெரும்பாலும் டாலரில் செலுத்த வேண்டும். உள்நாட்டு வருவாயோ ரூபாயில் வருகிறது. கிங்பிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ பர்ஸ்ட் 2023-லும் பறப்பதை நிறுத்தின.

பெருநகரங்களுக்கிடையே பறந்த கம்பெனிகளின் கதியே இது என்றால், நம்மைப் போன்ற சிற்றூர்ப் பகுதிகளின் நிலை என்ன? நம் பக்கத்து நெய்வேலியில் விமானத் தளம் உண்டு. சிறு நகரங்களை இணைத்து வந்த வாயுதூத் அங்கும் வந்து சென்றது. 1981-ல் அரசு தொடங்கிய அந்நிறுவனம் நட்டத்தில் ஆழ்ந்து, 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்கப்பட்டது.

பின்னர் 2016-ல் ‘உடான்’ திட்டம் வந்தது. ஒரு மணிநேரப் பயணத்திற்குச் சுமார் 2,500 ரூபாய் என்று ஒரு பகுதி ஆசனங்களுக்கு உச்சவரம்பு கட்டினார்கள். குறையும் வருவாயை மூன்றாண்டு வரை அரசு ஈடுசெய்யும் என்றார்கள். அதற்கான பணத்தில் பெரும்பகுதி, பெரிய வழித்தடங்களில் பறந்த விமானங்கள்மீது விதித்த தீர்வையிலிருந்து வந்தது. தில்லியிலிருந்து பம்பாய்க்குச் சென்றவர், சிற்றூர் விமானத்தின் காலி ஆசனத்திற்கும் பணம் கொடுத்தார் என்பதே இதன் பொருள். 2017-ல் முதற்சுற்றிலேயே நெய்வேலியும் சேலமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. சேலத்தில் 2018-ல் தொடங்கிய சேவை 2021-ல் நின்றது. 2023-ல் மீண்டும் தொடங்கியது.

இவ்வாறு பொதுப்பணத்தைச் செலவிடுவது முறையா? அப்பணத்தில் நல்ல பஸ்களும் ரயில்களும் விடலாமே என்பார் உளர். அவர் கூற்றை எளிதில் தள்ள இயலாது. ஆயினும் விமானமே வராத ஊரில் விமானப் பயணிகள் உருவாவது எங்ஙனம்? முதல் தீயை மூட்ட அரசு விறகு தரலாம் என்பதே என் கருத்து. ஆனால் எத்தனை நாள், எவ்வளவு என்ற கணக்கு மக்கள் முன் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கும் விமானம் வேண்டும் என்று கேட்பது எளிது. அடுத்த முறை அவ்வாறு கேட்குமுன், நாள்தோறும் எத்தனை ஆசனம் நிரம்பும், நிரம்பாததன் விலையை யார் கொடுப்பார் என்று ஒரு தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். பொருளாதாரப் பாடத்தின் முதல் பக்கம் அதுவே.