ஒரு துறையில் நின்றுவிடாத வாசிப்பு



1880ஆம் ஆண்டில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரான உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். கற்ற நூல்கள் எவை என்று முதலியார் வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா? பட்டியல் நீண்டது, முதலியாரோ வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்நூலை அதுவரை கண்டதே இல்லை.

நூல் கைக்கு வந்த பின்னும் தடை நீங்கவில்லை. சைவ நூல்களில் தோய்ந்திருந்த அவருக்குச் சமண மரபின் வழக்குகள் புதியனவாக இருந்தன. அவர் நாணவில்லை, நூலை ஒதுக்கவும் இல்லை. கும்பகோணத்துச் சமண அன்பர்களை நாடிச் சென்று, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அதன்பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் பதிப்பில் வெளிவந்தன.

இந்த வரலாறு இன்றைய பிள்ளைகளுக்கும் பொருந்தும். கதை நூலை விரும்பிப் படிக்கும் சிறுமி கட்டுரையைக் கண்டு சலிப்படையலாம். அறிவியல் நூலில் ஆழும் சிறுவன் கவிதைமுன் திகைக்கலாம். அது அறிவுக்குறை அன்று, அத்துறையோடு பழக்கமின்மையே. ஒவ்வோர் இலக்கிய வகைக்கும் தனி நடை உண்டு. அதைக் கடக்கக் கைகொடுப்பவர் ஒருவர் தேவை. ஐயருக்கே அத்துணை தேவைப்பட்டது.

அத்துணையை அளிக்கும் தகுதி சமண சமூகத்துக்கு மிக உண்டு. நாலடியார் அறநூல், நீலகேசி தருக்க நூல், நன்னூல் இலக்கணம், யாப்பருங்கலக்காரிகை செய்யுளியல், சூடாமணி நிகண்டு சொற்களஞ்சியம், ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள உரைநடை. சமணர் தமிழுக்கு வழங்கிய இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. மயிலாப்பூரில் எழுந்தருளியிருந்த நேமிநாதரையே எண்ணிப் பாருங்கள். அப்பெருமான் பெயரால் குணவீர பண்டிதர் நேமிநாதம் என்னும் இலக்கண நூலை இயற்றினார்; அவிரோதியாழ்வார் அவர்மீது திருநூற்றந்தாதி பாடினார். ஒரே பத்தி, ஒருவரிடம் இலக்கணமாயிற்று, மற்றொருவரிடம் பாமாலையாயிற்று.

பெற்றோர் செய்யத்தக்கவை எளியன. திங்களுக்கு ஒரு புதிய வகை நூலை வீட்டுக்குக் கொணர்க: ஒரு திங்கள் வாழ்க்கை வரலாறு, மறு திங்கள் நாடகம், பின்னர்ப் பயணக் கட்டுரை, கவிதை, அறிவியல். முதற்பத்துப் பக்கங்களைப் பிள்ளையுடன் அமர்ந்து உரக்கப் படியுங்கள். புதுநடை பழகுவது அப்பக்கங்களில்தான். படித்து முடித்ததும் தேர்வு வைக்காதீர்கள்; பிடித்த இடம் எது என்று மட்டும் கேளுங்கள். பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், ஏன் என்று கேட்டுப் பொறுமையுடன் செவிமடுங்கள். அதுவும் வாசிப்பின் பயனே.

ஐயர் 1942இல் மறைந்தார். மறு ஆண்டே, ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் அவர் பெயரில் நூல்நிலையம் தோன்றியது. அவர் ஊரூராய்த் தேடித் திரட்டிய ஏட்டுச் சுவடிகள் இன்று பெசன்ட் நகரிலுள்ள அந்நூல்நிலையத்தில் காக்கப்படுகின்றன. மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் அது தொலைவன்று. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். தெரியாத நூல் ஒன்றைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அறிந்தவரைத் தேடிச் சென்ற ஒருவரின் உழைப்பு அது என்று சொல்லுங்கள்.