முதல் ஊசிக்கு முன் ஒரு கேள்வி

புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டிற்குள் நுழைந்துவிட்டால் ஏனைய பேச்செல்லாம் அடங்கிவிடுகிறது. உயிர் பிழைக்குமா என்ற ஒரே கவலைதான் எல்லோர் நெஞ்சிலும் நிற்கிறது. அது இயற்கையே. ஆனால் சிகிச்சை பெறும் இளவயதினருள் பலர் நோய் நீங்கி நெடுங்காலம் வாழ்கிறார்கள். அவர்கள் திரும்பிவந்து வாழவேண்டிய வாழ்க்கையில் தாம்பத்தியம் உண்டு, மக்கட்பேறும் உண்டு. அவற்றைப் பற்றிச் சிகிச்சைக்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி, கூச்சத்தினால் பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளுள் பல, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குபவை. தலைமயிர் உதிர்வது இதனாலேயே. ஆணின் விந்தணுக்களை உண்டாக்கும் அணுக்களும் ஓயாமல் பெருகுபவை. ஆகவே அவையும் அடிபடுகின்றன. சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் விந்தணு உற்பத்தி மீளும். சிலருக்கு மீளாமலே போகும். பெண்ணின் நிலை வேறு. அவள் பிறக்கும்போதே ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் முட்டைகள் சினைப்பைகளில் அமைந்துவிடுகின்றன. பின்னர் அவை குறையுமேயன்றிக் கூடா. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் அந்தச் சேமிப்பை வேகமாகக் கரைக்கின்றன. வயது ஏற ஏற இழப்பின் அபாயமும் ஏறும். அடிவயிற்றில் செலுத்தும் கதிர்வீச்சு சினைப்பையை மட்டுமன்றிக் கர்ப்பப்பையையும் பாதிக்கக்கூடும்.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு, ஆனால் அதன் பெரும்பகுதி சிகிச்சைக்கு முந்தியது. ஆண்கள் தங்கள் விந்தணுவைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரிக் குளிரில், சேமித்து வைக்கலாம். ஓரிரு நாட்களில் முடியும் எளிய காரியம் இது. உறையவைத்த விந்தணுவால் கருத்தரிக்கலாம் என்பது 1953-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் மெய்ப்பிக்கப்பட்டது. பெண்களுக்கு முட்டையையோ, கருவையோ சேமிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். 1978 அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது உறைநிலையில் காக்கப்பட்ட கருவிலிருந்து பிறந்த குழந்தை. அன்று அவர் சொல்லை நம்ப மறுத்தார்கள். பிற்காலத்தில் அவர் பணி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அன்று வியப்பாக இருந்தது இன்று நம் பெருநகரங்களில் கிடைக்கும் சிகிச்சையாகிவிட்டது. நோயின் வேகம் இரண்டு வாரம் காத்திருக்க இடந்தருமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. சிகிச்சைக் காலத்தில் மாதவிடாய் நின்றுவிட்டால் கருத்தரிக்க மாட்டோம் என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்தில் உண்டாகும் கருவுக்குத் தீங்கு நேரலாம். ஆகவே கருத்தடை அவசியம்; எவ்வளவு காலம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மக்கட்பேற்றைப் போன்றே தாம்பத்திய உறவும் பேசப்படாத விஷயம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெற்ற பெண்ணுக்கு உறுப்பில் வறட்சியும் சுருக்கமும் வலியும் தோன்றக்கூடும். புரோஸ்டேட் அறுவைக்குப் பின் நரம்பு பாதிக்கப்பட்டு ஆணின் ஆற்றல் குன்றக்கூடும். களைப்பும், மாறிய உடலைப் பற்றிய மனக்குறையும் ஆசையையே அடக்கிவிடுவதுண்டு. இவை நோயாளியின் குற்றமல்ல. அன்பு குறைந்ததன் அறிகுறியும் அல்ல. வறட்சிக்கு வழவழப்பூட்டும் களிம்புகளும், சுருக்கத்திற்கு விரிவாக்கும் கருவிகளும், ஆண்களுக்கு மருந்துகளும் உள்ளன. புற்றுநோய் தொட்டாலோ கூடினாலோ ஒட்டிக்கொள்ளும் நோயன்று. அவ்வாறு அஞ்சி மனைவியைத் தனியறையில் ஒதுக்கும் கணவர், அவள் துயரத்தை இரட்டிப்பாக்குகிறார்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் மற்றொரு தடையும் உண்டு. மருத்துவர் ஹிந்தியிலோ, வங்காளியிலோ, மராத்தியிலோ பேசுகிறார். நோயுற்ற பெண்ணுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். நடுவே நின்று மொழிபெயர்ப்பவன் பள்ளியில் படிக்கும் மகன், அல்லது மைத்துனர். அவர்கள் வாயிலாக இந்தக் கேள்வியை எந்தப் பெண் கேட்பாள்? அது தொண்டையிலேயே நின்றுவிடும். மறுநாள் மருந்து ஏறத் தொடங்கிவிடும்.

ஆகையால் ஒரு யோசனை. நம்பிக்கைக்குரிய தோழி ஒருத்தியை, ஆணாயின் நண்பர் ஒருவரை, உடன் அழைத்துச் செல்லுங்கள். கேள்வியை மருத்துவருக்குத் தெரிந்த மொழியில் முன்னதாகவே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "இந்தச் சிகிச்சைக்குப் பிறகு எனக்குக் குழந்தை பிறக்குமா? மருந்து தொடங்குமுன் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? எங்கள் தாம்பத்திய வாழ்க்கை எவ்வாறு பாதிக்கப்படும்?" இவ்வளவே போதும். மணமாகாத மகனுக்கோ மகளுக்கோ நோய் என்றால், பெற்றோரே முன்வந்து கேட்க வேண்டும். "கலியாணமே ஆகவில்லை, இப்பொழுது எதற்கு?" என்று தள்ளிப்போட்டால், பின்னர் அந்தப் பிள்ளை கேட்கும்போது சொல்ல விடை இராது.

பலருக்குச் சேமிப்பு தேவைப்படாமலும் போகலாம். சிலருக்கு நேரமோ பொருளோ இடந்தராமலும் போகலாம். எப்படியாயினும் கேட்டறிந்து முடிவு செய்வது வேறு; தெரியாமலே இழப்பது வேறு. அந்தத் தாளை இன்றே எழுதுங்கள். முதல் ஊசிக்கு முன் அது மருத்துவரின் மேசைமேல் இருக்கட்டும்.