உறுதி எழுதும் முன்



1976 மே 14 இல் பண்ணாகத்தில் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தால் இந்த ஊரின் பெயர் கடல் கடந்தும் அறியப்பட்டது. அது ஓர் இனத்தின் உரிமை பற்றிய பேச்சு. இன்று நாம் பேசப்போவது, ஒரு தாய் தன் சொந்த வளவில், தன் குசினியில், சாகும்வரை இருப்பதற்கான உரிமை. இதைச் சிறிய விடயமாக நான் கருதவில்லை.

முதியோரைக் கொடுமைப்படுத்துதல் என்றால் அடியும் பட்டினியுமே நினைவுக்கு வருகின்றன. யாழ்ப்பாணத்தில் அது பல வேளை ஒரு காணி உறுதியில் தொடங்குகிறது என்பது என் துணிபு. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமையில், பெற்றோர் உயிரோடிருக்கையில் ஆண்மக்கள் முதுசத்தில் பங்கு கேட்க முடியாது. அந்த வேலி இப்போது தளர்ந்துவிட்டது. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். "இப்பவே எழுதித் தந்தால் பிறகு கரைச்சல் இல்லை, அம்மா" என்கிறார்கள். அம்மாவும் எழுதிக் கொடுக்கிறா. தனக்குச் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அங்கே இருந்து அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கி வைக்கலாம் என்று அவவுக்கு ஒருவரும் சொல்வதில்லை. பிறகு காணி விலைப்படுகிறது. அவ உறவினர் வீட்டு விறாந்தைக்குப் போகிறா.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது. கைவிடப்பட்டவர் பராமரிப்புச் சபையிடம் மாதக் கொடுப்பனவு கோரலாம். நல்ல ஏற்பாடுதான். அது சோற்றுக்கு வழி செய்யும், போன காணியைத் திருப்பித் தராது. 2005 இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடலுக்கும் உள்ளத்துக்கும் இழைக்கும் வன்முறையைச் சொல்கிறது. நயமாகப் பேசிச் சொத்தை எழுதுவிப்பது அதற்குள் அடங்கவில்லை. 2017 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியையும் பாரதூரமான நன்றிகேட்டைக் காட்டி நீதிமன்றத்தால் இரத்துச் செய்விக்கலாம். ஆனால் எண்பது வயதில், பெற்ற பிள்ளைக்கு எதிராக நீதிமன்றப் படி ஏற எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இந்தியாவின் 2007 ஆம் ஆண்டுச் சட்டம் இதில் ஒரு படி முன்னே நிற்கிறது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அதை மீறினால், அதன் 23 ஆம் பிரிவின்படி கைமாற்றத்தையே செல்லாததாக்கலாம். அதற்குத் தீர்ப்பாயம் போதும். ஊர்மிளா தீட்சித் வழக்கில் 2025 சனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம், மகனுக்குத் தாய் கொடுத்த நன்கொடையை இரத்துச் செய்து உடைமையைத் தாயிடமே ஒப்படைக்கக் கட்டளையிட்டது. நமக்கும் இப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று இந்த அரங்கு கேட்க வேண்டும்.

வயது மட்டுமே ஆபத்து அல்ல. மறதி நோய் கண்டவர், மனவளர்ச்சி குன்றிய வளர்ந்த பிள்ளை, போரில் கையையோ கண்ணையோ இழந்து அடுத்தவர் எழுதிக் காட்டும் இடத்தில் பெருவிரல் வைப்பவர் ஆகியோரையும் சேர்த்துக் காக்கும் ஒரே சட்டம் நம்மிடம் இல்லை. அதேவேளை, காப்பாற்றுகிறோம் என்று அவர்களின் வாயை அடைக்கவும் கூடாது. இங்கிலாந்தின் 2005 ஆம் ஆண்டு உளத்திறன் சட்டம், எதிராக நிறுவப்படும்வரை ஒருவரைத் தீர்மானிக்கும் திறன் உள்ளவராகவே கொள்கிறது. இன்று காணி விற்பது பற்றி முடிவெடுக்க இயலாதவருக்கு, யாரோடு வாழ்வது என்று சொல்ல இயலலாம். இந்த நுட்பத்தை மருத்துவர்கள் நமக்கு விளக்க வேண்டும்.

புதிய சட்டம் வரக் காலமெடுக்கும். இங்கே அமர்ந்திருக்கும் நொத்தாரிசுமார் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: உறுதி எழுதும் முன் பிள்ளைகளை வெளியே இருத்திவிட்டு, அந்தத் தாயிடம் தனியாகப் பேசுங்கள். எழுதிக் கொடுத்த பிறகு எங்கே இருக்கப்போகிறா என்று கேளுங்கள். சீவிய உரித்தைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். அவ தயங்கினால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பி வையுங்கள். அன்றைய உறுதி எழுதுகூலி போனாலும் போகட்டும். இதை நடைமுறையில் எப்படிக் கட்டாயமாக்குவது என்பதையே முதல் அமர்வு எடுத்துக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.