பெயரை நீக்குதலும் பொருளை அழித்தலும்



'வேங்கை' ஒரு சொல்லாய் நின்றால் மரத்தைக் குறிக்கும். 'வேம் கை' எனப் பிரிந்தால் வேகின்ற கையைக் குறிக்கும். இத்தகையதைப் பொதுமொழி என்பது இலக்கண மரபு. ஓர் இடைவெளி பொருளை மாற்றிவிடும் என்று வகுப்பில் பலகாலம் கற்பித்த நாம், கணினியின்முன் அதனை ஒருநாள் மறந்தோம்.

தோட்டப்புற முதியோரிடம் கேட்டெழுதிய வழக்குச் சொற்களை ஓர் அடைவில் தொகுத்து வைத்திருந்தோம். 'பழைய' எனத் தொடங்கும் வரைவுக் கோப்புகளை மட்டும் நீக்க எண்ணிக் கட்டளை வரியில் 'ஆர்எம்' கட்டளையை இட்டோம். 'பழைய' என்பதையும் அதனையொட்டி வரவேண்டிய உடுக்குறியையும் ஓர் இடைவெளி பிரித்துவிட்டது. ஒட்டி நின்றால் அக்குறிக்கு 'இவ்வாறு தொடங்குவன யாவும்' என்று பொருள். தனித்து நின்றால் 'இங்குள்ளன யாவும்' என்று பொருள். 'பழைய' என்றொரு கோப்பு இல்லை என ஒரு வரி திரையில் தோன்றியது. அதற்குள் எல்லாக் கோப்புகளும் நீங்கிவிட்டன. அக்கட்டளை எதனையும் குப்பைத் தொட்டிக்கு அனுப்புவதில்லை. சொற்களைத் தந்த முதியோருள் பலர் இன்று இல்லை.

நிகழ்ந்தது யாது? 1971ஆம் ஆண்டின் யூனிக்ஸ் கையேட்டிலேயே இடம்பெற்ற இக்கட்டளையின் பெயர், 'நீக்கு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அது கோப்பின் உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை. அடைவிலுள்ள பெயரை நீக்குகிறது. ஒரே கோப்புக்கு இரு பெயர்கள் இருப்பின், ஒன்று போயினும் கோப்பு வாழும். இறுதிப் பெயரும் நீங்கி, அதனைத் திறந்து வைத்திருக்கும் செயலியும் இல்லையெனில், அதன் இடம் வெற்றிடமாகக் கொள்ளப்படும். அவ்விடத்தில் புதிது எழுதப்படும்போது பழையது மறையும். ஆதலின் 'நீக்கு' என்பதே இதற்குப் பொருந்தும் தமிழ்ச்சொல். 'அழி' என்பது பின்னர் நிகழ்வது. இவ்வேறுபாட்டை அன்று அறிந்திருந்தால் உடனே கணினியை நிறுத்தியிருப்போம். நாமோ பதற்றத்தில் மேலும் எழுதிக்கொண்டிருந்தோம்.

மாணவர்களே, நீக்குமுன் அதே தொடரை 'எல்எஸ்' கட்டளையுடன் இட்டுப் பாருங்கள்; எவை போகும் என்பது பட்டியலாய்த் தெரியும். சிறுகோட்டுடன் 'ஐ' சேர்த்தால் கணினி ஒவ்வொன்றுக்கும் இசைவு கேட்கும். வெற்று அடைவை நீக்க 'ஆர்எம்டிர்' போதும். உள்ளே ஏதேனும் இருந்தால் அது மறுத்துவிடும். சிறுகோட்டுடன் 'ஆர்' சேர்த்த 'ஆர்எம்' கட்டளையோ உள்ளடைவுகளையும் சேர்த்தே நீக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரிய தரவுக்கு வேறோரிடத்தில் படி ஒன்று வையுங்கள்.

புணர்ச்சி இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதென்று கருதும் மாணவர்க்கு ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியைச் சொல்லலாம்.