மண்ணை அனுப்பினது போதும், மூளைக்கு வேலை கொடுங்கள்!

ஏற்காடு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுவதும் படியுங்கள், பகிருங்கள்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கும் தம்பி, தங்கைகளே!

மேல வந்ததும் எல்லாரும் என்ன செஞ்சீங்க? ஏரியில, பகோடா பாயின்ட்ல, லேடீஸ் சீட்ல நின்னு போட்டோ எடுத்தீங்க. சந்தோஷம். ஆனா அந்தப் படத்தைப் பிடிச்சது எது தெரியுமா? லென்ஸுக்குப் பின்னாடி, விரல் நகத்தைவிடச் சின்னதா ஒரு சிலிக்கான் துண்டு இருக்கு. அதுக்குப் பேர் இமேஜ் சென்சார். அதுதான் உங்க போனோட கண்.

50 மெகாபிக்சல்னு விளம்பரம் பண்றாங்களே, அப்படின்னா அந்தத் துண்டுல 5 கோடி புள்ளிகள் இருக்குன்னு அர்த்தம். முற்றத்துல பாத்திரம் வச்சு மழைத்தண்ணி பிடிக்கிற மாதிரி, ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தைப் பிடிக்குது. வெளிச்சம் எலக்ட்ரானா மாறுது. அதை அளந்து எண்ணாக்கினா, அதுதான் படம்.

இந்தக் கண்ணைச் செய்றது யாரு? ஜப்பானின் சோனி, கொரியாவின் சாம்சங், அமெரிக்காவில் பிறந்த ஆம்னிவிஷன். இப்படி விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள்தான். உலகச் சந்தையில் ஏறக்குறைய பாதி சோனி கையில். 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமமோட்டோவில் நிலநடுக்கம் வந்தது. அங்கே இருந்த சோனி சென்சார் ஆலை நின்றது. உடனே வேறு கேமரா கம்பெனிகளின் புது மாடல்களும் தள்ளிப்போனது. ஒரு ஊரில் பூமி ஆடினால் உலகத்தின் கண்ணே மங்குகிறது!

நாம் ஸ்ரீபெரும்புதூரில் போன் பூட்டுகிறோம். ஆயிரக்கணக்கான நம்ம வீட்டுப் பெண்கள் அதில் சம்பாதிக்கிறார்கள். பெருமைதான். ஆனால் அந்தப் போனுக்குள் போகிற கண் வெளிநாட்டிலிருந்துதானே வருது?

"இதுக்கும் எங்க சேர்வராயன் மலைக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு.

இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பல வருஷமா பாக்சைட் தோண்டி, லாரியில ஏத்தி, மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போச்சு. அலுமினியம் ஆச்சு. அந்தப் பாக்சைட்டுக்குள் கேலியம்னு இன்னொரு உலோகமும் ஒளிஞ்சிருக்கும். உலகச் சராசரியில் டன்னுக்கு சுமார் 50 கிராம். மேட்டூர் ஆலையில் அதைப் பிரித்தெடுத்த காலமும் உண்டு.

உங்க போன் கேமராவுக்கு சிலிக்கான் போதும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில், புகைமூட்டத்தைத் தாண்டிப் பார்க்கிற சென்சார்கள் இருக்கே, ராணுவத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் போறது, அதில் பலவற்றுக்கு கேலியம் கலந்த பொருள்தான் வேணும். இன்று உலகக் கேலியத்தில் பெரும்பங்கு சீனாவிடம். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதன் ஏற்றுமதிக்கு அனுமதி வாங்கணும்னு அவங்க கட்டுப்பாடு போட்டதும் பல நாடுகளுக்குத் தூக்கம் போச்சு.

மலையை மறுபடியும் தோண்டுங்கன்னு கேட்க நான் வரல. தோண்டின இடத்துல புல் முளைக்க எத்தனை வருஷம் ஆச்சுன்னு இங்கே இருக்கிற மலைவாழ் மக்களைக் கேளுங்க, சொல்வாங்க. நான் சொல்றது ஒண்ணுதான். மண்ணா வித்தா மண் விலைதான் கிடைக்கும். அறிவா வித்தாத்தான் அறிவுக்கான விலை கிடைக்கும்.

"சிப் ஆலைக்குப் பல ஆயிரம் கோடி வேணுமே, நம்மால ஆகுமா?" இதுக்குப் பதில் ஆம்னிவிஷன் கதையில இருக்கு. 1995இல் ஆரம்பித்த கம்பெனி. சொந்த ஆலை கட்டல. சென்சாரை வடிவமைக்கிற வேலையை மட்டும் கையில் வச்சுக்கிட்டாங்க. தயாரிப்பைத் தைவான் ஆலையிடம் கொடுத்தாங்க. 2016இல் சீன முதலீட்டாளர்கள் சுமார் 190 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியை வாங்கினாங்க. அந்த விலை கட்டடத்துக்கா? இல்லை, பொறியாளர்களின் மூளைக்கு!

அந்த மூளை நம்மகிட்ட இல்லையா? சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966இலிருந்து இருக்கு. தமிழ்நாட்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. மாணவர்கள் வரைகிற சிப்பை மொகாலியில் இருக்கிற அரசு ஆலையில் செய்து தருகிற ஒன்றிய அரசுத் திட்டமும் நடக்குது. துண்டு துண்டா எல்லாம் இருக்கு. சேர்த்துத் தைக்கத்தான் ஆள் இல்லை.

அதனால நம்ம கோரிக்கை மூன்று.

✅ சேலத்தில் இமேஜ் சென்சார் வடிவமைப்புக்கென்று ஒரு ஆய்வகம்.

✅ நம்ம மாணவர்கள் வரைந்த சிப் ஆண்டுதோறும் மொகாலிக்குப் போய், கையில் தொடும்படி திரும்பி வரவேண்டும்.

✅ மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆய்வகத்தில் இடமும், விடுதியும், உதவித்தொகையும்.

மூன்றாவதை யாரும் கடைசியில் ஒட்டிய வரியாக நினைக்காதீங்க. இந்த மலையிலிருந்து தாது போச்சு, காப்பி போச்சு, மிளகு போச்சு. இனி இங்கிருந்து பொறியாளர்கள் போகட்டும். போய், திரும்பியும் வரட்டும்.

தம்பி, தங்கைகளே, இன்னைக்கு எடுத்த போட்டோவைத் தாராளமா பதிவு போடுங்க. கூடவே இந்த மூணு கோரிக்கையையும் போடுங்க. நாடு பார்க்கட்டும்.



#ஏற்காடு #சேலம் #சேலத்தில்_சிப்_ஆய்வகம்